கைதட்டலை எண்ணிய ரெங்கம்மாள்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே அதிகம் சந்தேகிக்கப்பட்ட பெண்பிள்ளை நான்தான். என் கைப்பையை ரெங்கம்மாள் இதுவரை ஆயிரம் தடவை திறந்து பார்த்திருக்கிறாள். ஆயிரம் என்பது என் வழக்கப்படி ஊதிச் சொன்னது. பதினொரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று காலையிலும் திறந்தாள். மூக்குக் கண்ணாடிக் கூடு, ரத்த அழுத்த மாத்திரை, பேத்திக்குத் தெரியாமல் நான் தின்னும் கடலை மிட்டாய். மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, போங்க டீச்சரம்மா" என்றாள். அவள் தேடியது பூப்பந்தாட்டத்து மஞ்சள் கம்பளிப் பந்து. எலுமிச்சம்பழ அளவு இருக்கும். கடலை மிட்டாய்க்குள் அது நுழையாது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தால் என்ன, பார்க்காமல் விட முடியுமா?

பாபநாசம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அவள் மார்க்கர். விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலைக்குச் சம்பளப் பட்டியலில் அதுதான் பெயர். கணவர் வைரக்கண்ணு பார்த்த வேலை. அவர் மாரடைப்பில் போன பிறகு வாரிசு முறையில் இவளுக்கு வந்தது. வயது ஐம்பத்து நான்கு. குட்டை உருவம். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, அதன்மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பாள். சட்டையின் பொத்தான்களையும் வேலை முடிந்ததும் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

கல்லூரி வாங்கித் தந்த இரும்பு டேப்பை அவள் தொடுவதில்லை. "வெயில்ல நீளுதுங்க" என்பாள். பூப்பந்து மைதானம் எண்பது அடி நீளம், நாற்பது அடி அகலம். அதற்கென்று தேங்காய் நார்க் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள். கயிறு மழையில் சுருங்குமே என்று ஒருநாள் கேட்டேன்.

"சுருங்கும்தான். எவ்வளவு சுருங்கும்னு எனக்குத் தெரியும். டேப்பு எவ்வளவு நீளும்னு அதுக்குத்தான் தெரியும்."

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நாள் கணக்கில் காத்துக்கிடப்பவர்கள் குவியலின் மேல் சாம்பலைத் தூவிக் கோடு இழுத்து வைப்பார்கள். யாராவது ஒரு கை அள்ளினாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். ரெங்கம்மாள் அந்த வித்தையைக் கல்லூரிக்குள் கொண்டுவந்துவிட்டாள். பந்துப் பெட்டியின் மூடியில் ஒரு சுண்ணாம்புக் கோடு. சுருட்டி வைத்த வலையின் மேல் ஒரு கோடு. தீபாவளிக்குக் கல்லூரி முதல்வர் கொடுத்த இனிப்புப் பெட்டியின் மேலும் கோடு போட்டு, மறுநாள் காலையில்தான் திறந்தாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது மட்டும் என் சொந்தச் சரக்கு.

பயிற்சி முடிந்ததும் பந்து எண்ணுவாள். நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்று தொடங்குவார்கள். ரெங்கம்மாளும் பந்தை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டபடி, "லாபம், ரெண்டு, மூணு" என்று போவாள். பன்னிரண்டு வந்தால் பெட்டி மூடும். பனியில் நனைந்து கனத்த பந்தை மட்டும் தனியே எடுத்து மோந்து பார்ப்பாள். எதற்கு என்று இன்றுவரை சொல்லவில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை சின்னது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கல்லூரியின் உள்ளகப் புகார் குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். அந்த வெளியாள் நான். மூன்று வருடமாகக் குழு கூடியது, பிஸ்கட்டும் தேநீரும் வந்தன, புகார் மட்டும் வரவில்லை. ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஒரு புகாரும் இல்லை என்றால் எனக்கு நம்பிக்கை வராது. அந்தச் சந்தேகத்தோடுதான் காலையும் மாலையும் திடலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். மருத்துவர் நடக்கச் சொன்னார் என்று வெளியே சொல்லிக்கொண்டேன்.

போன ஜூலையில் தமிழ்நிலா பெண்கள் பூப்பந்து அணிக்கு வந்தாள். இரண்டாம் ஆண்டு கணிதம். பேராவூரணிக்காரி, அப்பா தேங்காய் உரிக்கிறவர். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அணியில் ஆடியவள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு, தான் திருநங்கை என்று வீட்டில் சொன்னாள். ஒரு வருடம் வீட்டோடு பேச்சு இல்லை. பிறகு அரசு கொடுத்த அடையாள அட்டையும் புதுப் பெயருமாகக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள். ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் அவளுக்குப் பின்வரிசை. தலைக்கு மேலே தூக்கி அடிக்கப்படும் பந்தை ஓடிப்போய்த் திருப்புகிற இடம். நன்றாகவே திருப்பினாள்.

முதல் நாள் பயிற்சி முடிந்து அவள் கிளம்பியபோது ரெங்கம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"பையத் தொற."

தமிழ்நிலாவின் முகம் சுருங்கிவிட்டது. "எதுக்கு? நான் திருநங்கைங்கறதாலயா? எங்க போனாலும் மொதல்ல எம்மேலதான் சந்தேகப்படுவீங்களா?"

"நீ என்னவா வேணா இரு. பந்து ஒண்ணு கொறையுது. தொற."

பையில் பந்து இல்லை. அடுத்து வந்தவள் அணித் தலைவி ரிஃப்கா. அவள் பையும் திறந்தது. அதற்கும் அடுத்து உடற்கல்வி இயக்குநர் அனீஸா. அவருடைய கைப்பை திறந்தது, சாப்பாட்டு டப்பாகூடத் திறந்தது. கடைசியில் பந்து வலைக் கம்பத்தின் அடியில் கிடந்தது. தமிழ்நிலா அன்று மாலை ரிஃப்காவிடம் சொன்னாளாம்: "என்னப் பாத்தா எல்லாரும் ஒண்ணு ஐயோ பாவங்கறாங்க, இல்ல ஒதுங்கிப் போறாங்க. இந்தக்கா ஒருத்திதான் உங்களயெல்லாம் மாதிரியே என்னயும் திருடின்னு நெனைக்குது."

ஆகஸ்டில் கைதட்டல் தொடங்கியது.

திடலின் கிழக்கே இடுப்பளவுச் சுவர். மாலையில் அதன்மேல் ஏழெட்டுப் பையன்கள் உட்காருவார்கள். நடுவில் அறிவுச்செல்வன். அவன் இங்கே படித்து முடித்து ஆறு வருடம் ஆகிறது. பாபநாசத்தில் துணிக்கடை வைத்திருக்கிறான். பெண்கள் அணிக்குப் பத்து ஜெர்ஸி இலவசமாகக் கொடுத்தவன். அதில் கல்லூரியின் பெயரைவிடக் கடையின் பெயர் பெரிது. ஜெர்ஸி கொடுத்தவனைச் சுவரைவிட்டு இறங்கு என்று யார் சொல்வது?

தமிழ்நிலா சர்வீஸ் போடப் பந்தைக் கையில் எடுத்தால் போதும், சுவரிலிருந்து சத்தம் வரும். விரல்களை விரித்து, உள்ளங்கைகளைப் பட்டையாக மோதுகிற தட்டு. ஒன்று. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று. அவள் நிமிர்ந்து பார்த்தால், "நல்லா போடுங்கக்கா, நம்ம சப்போர்ட்டு ஒங்களுக்குத்தான்" என்பார்கள். குரலில் தேன் ஒழுகும். கெட்ட வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இருபது வயதுப் பையன்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கெட்ட வார்த்தையும் பேசவில்லை என்றால், பேச வேண்டாம் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வாரத்தில் அவளுடைய சர்வீஸ் வலையில் விழ ஆரம்பித்தது. பந்தை விடும் முன்பே அவள் பார்வை சுவருக்குப் போய்வருவது, கண் மங்கிய எனக்கே தெரிந்தது. புகார் எழுதிக் கொடு என்றேன்.

"என்னன்னு எழுதுறது டீச்சர்? கைதட்டுனாங்கன்னா? படிக்கிறவங்க சிரிப்பாங்க."

அந்தக் கைதட்டல் ரெங்கம்மாளுக்கும் உறுத்தியது. அவளுடைய காரணம் வேறு. அடுத்தவன் முறையில் மடையைத் திறந்து தண்ணீரைத் திருப்புகிறவர்கள் இப்படித்தான் தட்டிச் சைகை கொடுப்பார்கள் என்பது அவள் வளர்ந்த ஊரின் அனுபவம். ஒரு தட்டு என்றால் ஆள் வருகிறது. இரண்டு தட்டு என்றால் ஆள் போய்விட்டது. ஆகவே இது பந்து திருடும் ஏற்பாடு என்று அவள் முடிவு கட்டினாள். சுவரில் இருப்பவர்களுக்கு மைதானத்துக்குள் ஒரு கூட்டாளி இருக்கிறாள். பந்து சுவருக்கு அந்தப் பக்கம் போகப் போகிறது. யார் அந்தக் கூட்டாளி?

கண்டுபிடிக்கச் சாமான் அறையின் பச்சைக் கதவில், உள்பக்கமாக, ஐந்து பத்தி பிரித்தாள். ஆடுகிற ஐந்து பேருக்கும் ஆளுக்கொன்று. பேர் எழுதினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, அவரவர் மட்டைப் பிடியின் நிறத்தில் ஒரு நூலை ஒட்டிவைத்தாள். யார் கையில் பந்து இருக்கும்போது தட்டுச் சத்தம் கேட்கிறதோ அவள் பத்தியில், ஈரச் சுண்ணாம்பைத் தொட்டு ஒரு பொட்டு. கடைசியில் பந்தை எண்ணுவாள். தினமும் பன்னிரண்டும் சரியாக இருந்தன. அது அவள் நிம்மதியை இன்னும் கெடுத்தது.

"பந்து போவல. அப்ப எதுக்குத் தட்டுறானுங்க? ஏதோ பெருசா திட்டம் போடுறானுங்க டீச்சரம்மா" என்று என்னிடம் முணுமுணுத்தாள். நான் கிழவியின் பிரமை என்று நினைத்தேன். அவளைவிட எனக்குப் பதினெட்டு வயது கூடுதல் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் அனீஸா ஒரு கடிதத்தோடு திடலுக்கு வந்தார். அனீஸா கெட்டவர் இல்லை. பட்டுக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். பிள்ளைகளுக்குத் தன் கைக்காசில் குளுக்கோஸ் வாங்கித் தருபவர். தகராறு என்றால் மட்டும் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். மாதக் கடைசியில் எங்கள் திடலில் அழைப்புப் போட்டி. வெளியூர்க் கல்லூரிகள் வருகின்றன. அவர்கள் முன்னால் ஏதாவது கலாட்டா ஆனால் யார் பொறுப்பு என்று மேலே இருந்து கேட்டிருக்கிறார்கள். அதன் விளைவு இந்தக் கடிதம். 'உடல்நிலை காரணமாக, சொந்த விருப்பத்தின் பேரில், அணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' கீழே தமிழ்நிலாவிடம் ஏற்கெனவே வாங்கிய கையெழுத்து. பக்கத்தில் ஒரு சாட்சி போட்டாகிவிட்டது. இன்னொரு சாட்சிக்கு இடம் காலியாக இருந்தது.

"ரெங்கம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"என்னாங்க இது?"

"ஒண்ணுமில்ல. தமிழ்நிலா டீம்லேர்ந்து வெலகுது. அது நல்லதுக்குத்தான். வம்பு தும்பு இல்லாம இருக்கும்ல."

ரெங்கம்மாள் எழுத்துக் கூட்டிப் படிப்பவள். ஆனால் அந்தக் கடிதத்தில் மூன்று வார்த்தைகளை அவளால் கூட்டாமலே படிக்க முடிந்தது: சொந்த விருப்பத்தின் பேரில். அவள் அப்பா நாலு மா நிலத்தின் குத்தகையை விட்டுக்கொடுத்ததாகச் சொன்ன காகிதத்திலும் அதே மூன்று வார்த்தைகள் இருந்தன. அப்பாவின் கைநாட்டு இருந்தது, சாட்சி இரண்டு இருந்தது, முத்திரை இருந்தது. விருப்பம் மட்டும்தான் இல்லை.

"தானா வெலகுற பொண்ணுக்கு எதுக்குங்க சாட்சி?"

"சும்மா, ஒரு ஃபார்மாலிட்டிக்கு."

"ஒடம்பு சரியில்லன்னு போட்டிருக்கு. நேத்து இந்த கிரவுண்ட பதினோரு சுத்து ஓடுச்சு. என்னா நோவு அதுக்கு?"

"ரெங்கம்மா, ஒங்கள யாரு இதெல்லாம் கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. அதான் கேக்குறேன்."

கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். நிலைப்படியில் நின்றபடியே சொன்னாள்: "இதுல ஏதோ இருக்கு. அந்தப் பொண்ணு, செவுத்துப் பயலுவ, பி.டி. மேடம், எல்லாருமா சேந்து எதையோ மறைக்கிறாங்க. நீங்களும் அதுல இருப்பீங்களோன்னு ஒரு நெனப்பு. ஆனா எனக்கு வேற ஆளு இல்ல டீச்சரம்மா."

பொட்டுக் கணக்கையும் அவள் சொன்னதும், தமிழ்நிலாவை அழைத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போனோம். ரெங்கம்மாள் கதவைச் சாத்தி விளக்கைப் போட்டாள். மூன்று பத்திகள் வெறுமையாக இருந்தன. ரிஃப்காவின் பத்தியில் ஒரே ஒரு பொட்டு. யாரோ கொசு அடித்த சத்தம் என்று பிறகு ரெங்கம்மாளே அதைப் பாதி அழித்திருந்தாள். ஐந்தாவது பத்தியின் தலையில் சிவப்பு நூல். அதன் கீழே கதவின் தாழ்ப்பாள் வரைக்கும் வெள்ளைப் பொட்டுகள்.

"சிவப்பு என் மட்டைதானே?" என்றாள் தமிழ்நிலா.

"ஆமா. நீதான் அவனுங்களுக்குக் கூட்டுன்னு நெனச்சு வச்சேன்."

"எத்தன நாளா?"

"ஒம்போது நாளு." ரெங்கம்மாள் முதல் பொட்டில் விரலை வைத்தாள். "லாபம், ரெண்டு, மூணு..."

"லாபமா? எனக்கா, அக்கா?" தமிழ்நிலா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவிலேயே உடைந்துபோனது. ரெங்கம்மாள் நிறுத்தவில்லை. அவள் நாற்பத்து மூன்றுக்கு வந்து சேர்ந்தபோது, தமிழ்நிலா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கையை நீட்டினாள். "பேனா குடுங்க டீச்சர். இப்ப எழுதலாம்."

விசாரணை நாளன்று அறிவுச்செல்வன் வெள்ளைச் சட்டையில் வந்தான். குழுத் தலைவி வணிகவியல் பேராசிரியை செம்மொழி. கறாரான பெண்மணி, ஆனால் எல்லாவற்றிற்கும் ஆதாரம் கேட்பார்.

"கைதட்டுனது தப்பா மேடம்?" என்று அவன் ஆரம்பித்தான். "நம்ம காலேஜ் டீம். உற்சாகப்படுத்தினோம். அதுவும் இவங்கள மாதிரி உள்ளவங்கள நாமதான் தூக்கி விடணும்."

செம்மொழி ரெங்கம்மாளின் பக்கம் திரும்பினார். "நீங்க தமிழ்நிலாவுக்கு வேண்டியவங்களா?"

"எனக்கு யாரும் வேண்டியவங்க இல்லைங்க. அது பந்து திருடும்னுதான் பொட்டு வச்சேன்."

"இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?"

"இப்பவும் எண்ணிட்டுத்தாங்க பொட்டிய மூடுறேன்."

அறிவுச்செல்வன் சிரித்தான். "சுண்ணாம்புப் பொட்டெல்லாம் ஒரு சாட்சியா மேடம்?"

ரெங்கம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "தம்பி, பாயிண்டு எடுத்தப்புறம் தட்டுனா அது உற்சாகம். இந்தப் பொண்ணு பந்தக் கையில எடுக்கும்போதே நீங்க தட்டுனீங்க. அன்னிக்கு ரிஃப்கா பொண்ணு வரிசையா ஒம்போது பாயிண்டு எடுத்துச்சே, அதுக்கு ஏன் ஒரு தட்டுகூட இல்ல? அதுவும் நம்ம காலேஜுதானே?"

தமிழ்நிலா பேசினாள், மேசையைப் பார்த்தபடி. "அது எங்காளுங்க தட்டுற தட்டு மேடம். எங்களுக்குள்ள தட்டிக்கிட்டா அதுல கோவம் இருக்கும், சந்தோஷம் இருக்கும், சாப்டியான்னு கேக்குறதுகூட இருக்கும். இவங்க தட்டுறதுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

பிஸ்கட் தட்டை அன்று யாரும் தொடவில்லை.

அறிவுச்செல்வன் கல்லூரி வளாகத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவானது. சுவர்ப் பையன்களில் இங்கே படிக்கிற ஐந்து பேர் மன்னிப்புக் கடிதம் கொடுத்தார்கள். குழுவில் நாங்கள் எல்லோரும் படித்துவிட்டுக் கோப்பில் வைத்துவிட்டோம். தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த ரெங்கம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சும் ஒரே கையெழுத்தா இருக்கே டீச்சரம்மா" என்றாள். பார்த்தோம், ஆமாம். அவரவர் கையால் மறுபடி எழுத வைத்தோம். விலகல் கடிதத்தை அனீஸா கிழிக்கப் போனபோது ரெங்கம்மாள் தடுத்து, இதற்கு ஜெராக்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. அதையும் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் சேர்த்துக் கிழிக்க வைத்தாள். அனீஸா தமிழ்நிலாவின் கையைப் பிடித்து, "நான் பயந்துட்டேன்மா" என்றார். அதை மட்டும் ரெங்கம்மாள் ஆராயவில்லை. ரிஃப்கா பத்து ஜெர்ஸியையும் துவைத்து மடித்துத் துணிக்கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

இனிமேல் எல்லாம் நலம் என்று எழுத எனக்கும் ஆசைதான். பல்கலைக்கழக மண்டலப் போட்டியில் தமிழ்நிலா பெண்கள் அணியில் ஆடலாமா என்று எழுதிக் கேட்டிருக்கிறோம். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலை நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ரெங்கம்மாளோடு பழகியதில் எனக்கும் தொற்றிவிட்டது.

அழைப்புப் போட்டி எங்கள் திடல் என்பதால் அதில் தடை இல்லை. சனிக்கிழமை காலை, பழைய வெள்ளைப் பனியனில் எண் குத்திக்கொண்டு தமிழ்நிலா இறங்கினாள். கிழக்குச் சுவரில் ஆள் இல்லை. அவளுடைய முதல் சர்வீஸ் வலையைத் தாண்டி விழுந்தது. முதல் சுற்றில் ஜெயித்தோம், அரையிறுதியில் தோற்றோம். வெளியூர் அணியில் இரண்டு பெண்கள் அவளைப் பார்த்துக் காதோடு காதாக ஏதோ பேசினார்கள். பேசினால் பேசட்டும், கடைசியில் வந்து கை குலுக்கினார்கள்.

அன்று விடியலில் வெறுங்காலோடு கோடு போட்டபோது ரெங்கம்மாளின் குதிகாலில் கருவேல முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. நாள் முழுக்க நொண்டினாள். அனீஸா முதலுதவிப் பெட்டியோடு வந்தார். "வேணாங்க, இன்னும் உள்ள தள்ளி விட்டுருவீங்க" என்று அனுப்பிவிட்டாள். ரிஃப்காவையும் விடவில்லை. என்னிடம், "ஒங்களுக்குக் கண்ணு தெரியாது" என்றாள். அரையிறுதி முடிந்து, வியர்வை காயாமல் தமிழ்நிலா வந்தாள். பனியனில் எண்ணைக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"காலக் குடுங்கக்கா."

ரெங்கம்மாள் சுண்ணாம்பு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, புடவையை ஒதுக்கி, காலைத் தூக்கி அந்தப் பெண்ணின் மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்த இடத்தில், நான் சொல்லச் சொல்லக் கணினியில் அடித்துக்கொண்டிருந்த தமிழ்நிலா கையை எடுத்துவிட்டாள்.

"கண்ண மூடலைங்க டீச்சர். முள்ளு வெளிய வர்ற வரைக்கும் ஊக்கையேதான் பாத்துக்கிட்டு இருந்தாங்க."